பாலுக்கு முன்னாடி ஒரு வாளித் தண்ணி

என்ன மாப்ளே, இந்தத் தையிலயும் புது வீட்டுச் சாவி வரலையாமே? ரொம்பச் சந்தோசம். மொறைக்காத. தாய்மாமன் பேசுற பேச்சா இதுன்னு கேக்காத. பாதி ஆயுச மதராசுல சாரத்து மேலயே கழிச்ச கொத்தன் நான், எனக்கு வேற எப்பிடிப் பேச வரும்? சாவி வரலையேன்னு நீ பொலம்புற. வந்தா என்ன பண்ணித் தொலைப்பியோன்னு எனக்குத்தான் ஈரக்கொலை நடுங்குது.

காத்துக் கெடக்குறது ஒரு நோவே இல்ல. வருசக்கணக்காக் காத்துக் கெடந்த ஆத்திரத்துல, சாவியக் கண்ணுல காமிச்சதும் பறிச்சுக்கிட்டு ஓடுவீக பாரு, அதுதான் நோவு. இது பில்டர் அய்யாவுக்கு உன்னையவிட நல்லாத் தெரியும். நாள் கடத்துறதுல அவருக்கு ரெண்டு லாபம். ஒண்ணு, உன் காசு அவருகிட்டக் கெடக்குறது. இன்னொண்ணு, நீ அலுத்துப் போறது. அலுத்துப் போனவன் கேள்வி கேக்க மாட்டான். "எப்பிடியாச்சும் குடுத்தாப் போதும் சார்"னு கும்புட்டு வாங்கிட்டுப் போயிருவான்.

ஊரப்பாக்கத்துல வீடு வாங்கிட்டேன்னு ஊர் பூராம் சொல்லிட்டு வந்த. நீ வாங்கினது வழவழன்னு ஒரு பொஸ்தகம் மாப்ளே. நானும் பாத்தேன். அதுல ஒரு நீச்சல் குளம். குளத்தோரம் ஒரு வெள்ளக்காரப் புள்ள சாஞ்சுக்கிட்டு ஜூஸ் குடிக்குது. ஊரப்பாக்கத்துல எந்தத் தெருவுல அந்தப் புள்ளையப் பாத்த? அடுத்த பக்கத்துல, கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு அஞ்சு நிமிசம்னு போட்டிருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு, ரயில்வே கேட்டு தெறந்து கெடந்து, நாயும் தொரத்துனா அஞ்சு நிமிசந்தான். பரந்தூர் ஏர்ப்போர்ட்டுக்கு எளிதாச் செல்லலாமாம். அங்க இன்னும் கொக்கும் நாரையுந்தான் எறங்கிக்கிட்டு இருக்கு.

அதுக்காக அந்தப் பொஸ்தகத்தக் கிழிச்சுப் போட்றாத. பத்திரத்தோட சேத்துப் பூட்டி வை. வெளம்பரத்துல காமிச்சதை நம்பிப் பணம் குடுத்தவன், அது பொய்யாப் போச்சுன்னா நட்டஈடு கேக்கலாம்னு, வீடு கட்டி விக்கிறவுகளுக்குக் கடிவாளம் போடுற ரேரா சட்டத்துல 12-ஆம் பிரிவே இருக்கு. கொத்தனாருக்குச் சட்டம் எங்க தெரியும்னு பாக்குறியா? வெத்தலை மடிச்ச பேப்பருல படிச்சாலும் சட்டம் சட்டந்தான். 2016-ல வந்தது. அடுத்த வருசமே தமிழ்நாட்டுக்கும் விதி போட்டாக. 500 சதுர மீட்டருக்கு மேல எடமோ, எட்டு வீட்டுக்கு மேலயோ இருந்தா பதிவு பண்ணாம விக்கவே கூடாது. பதிவு பண்ணும்போது என்னைக்கு முடிப்பேன்னு பில்டரே எழுதிக் குடுத்த தேதி, ரேராவோட இணையப் பக்கத்துல இருக்கு. நீ ஒரு தடவையாச்சும் அதைப் போயிப் பாத்தியா? பாக்க மாட்ட. கிச்சனுக்கு எந்த டைல்ஸுன்னு பாக்கவே நேரம் பத்தல.

சரி, எத்தனை சதுரடி? 1,200-ன்னு நெஞ்ச நிமித்திச் சொல்லுவியே. அதுல மாடிப்படி எம்புட்டு, லிஃப்ட்டுக்கு முன்னாடி நிக்கிற எடம் எம்புட்டு, வாட்ச்மேன் உக்காந்து தூங்குற எடம் எம்புட்டுன்னு கேட்டியா? இதையெல்லாம் கூட்டித்தான் சூப்பர் பில்ட்-அப்பும்பாக. சட்டம் சொல்றது கார்பெட் ஏரியா. வீட்டுக்குள்ள பொழங்குற தரையும் உள்சொவரும் அதுல சேரும். வெளிச்சொவரு, பால்கனி, பைப்பு எறங்குற சந்து எதுவும் சேராது. ஒரு டேப்பு வாங்கி நீயே அளந்து பாரு. 850 தேறுனா உன் குலதெய்வம் கண்ணு தெறந்துருக்குன்னு அர்த்தம். தேறலேன்னா உன் பொஞ்சாதிகிட்டச் சொல்லாத, எங்கிட்ட வா.

இப்ப முக்கியமான சங்கதிக்கு வர்றேன். "மொத ரெண்டு வருசம் மளமளன்னு மேல வந்துச்சு மாமா, அப்பறம் அப்பிடியே நின்னு போச்சு"ங்குற. ஏன் நின்னுச்சுன்னு யோசிச்சியா? நீ எப்பிடிப் பணம் கட்டுனேன்னு எடுத்துப் பாரு. புக்கிங்குக்கு இம்புட்டு, அஸ்திவாரத்துக்கு இம்புட்டு, ஒவ்வொரு தளம் போடும்போதும் இம்புட்டு. உச்சித் தளத்துக்குக் கான்கிரீட் போடுற அன்னைக்கு உங்க பணத்துல முக்கால்வாசிக்கு மேல கைமாறியிருக்கும். ஆனா வேலை? எலும்புக்கூடுதான் நிக்குது. செங்கக் கட்டு, பூச்சு, பிளம்பிங், ஒயரிங், டைல்ஸு, கதவு, சன்னல், பட்டி, பெயிண்டு, லிஃப்ட்டு எல்லாம் அதுக்கப்பறந்தான். ஆள் நெறைய வேணும், சாமான் நெறைய வேணும், கண்ணுக்குத் தெரியாத வேலை. காசு மட்டும் கொஞ்சந்தான் பாக்கி. மொய் பூராத்தையும் மொதல்லயே வாங்கிட்ட கல்யாண வீட்டுல பந்தி எப்பப் போட்டா என்னன்னுதான இருப்பாக? தளம் போட்டாக் காசு வரும், சொவரு பூசுனா வராது. அப்ப ஆளுகளை எங்கிட்டு அனுப்புவாக? அடுத்த எடத்துல அஸ்திவாரம் தோண்டத்தான்.

இதைத் தடுக்கத்தான் சட்டத்துல ஒரு பூட்டு போட்டாக. வாங்குறவுககிட்ட வசூல் பண்றதுல 70 சதவீதத்தைத் தனிக் கணக்குல போடணும். அந்த நெலத்துக்கும் அந்தக் கட்டடத்துக்குந்தான் எடுக்கலாம். எஞ்சினியர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் மூணு பேரும் வேலை இம்புட்டு முடிஞ்சிருக்குன்னு கையெழுத்துப் போட்டாத்தான் எடுக்க முடியும். மூணு மாசத்துக்கு ஒருக்க வேலை நெலவரத்தையும் இணையத்துல ஏத்தணும். நீ பேங்குல ஒவ்வொரு தவணையும் விடச்சொல்லிக் கையெழுத்துப் போடும்போது, ஒரு தடவையாச்சும் சைட்டுக்குப் போயி அந்தத் தளம் போட்டாச்சான்னு அண்ணாந்து பாத்தியா? இல்ல, மெயில்ல வந்த போட்டோவப் பாத்துட்டு "ஓகே சார்"னு அனுப்பிட்டியா? அந்தப் போட்டோ உன் கட்டடந்தானான்னு கூடச் சொல்ல முடியாது மாப்ளே. சாரம் கட்டுனா எல்லாக் கட்டடமும் ஒண்ணுதான்.

இதுக்கு நடுவுல நீ ரெண்டு நுகத்தடியில கழுத்தக் குடுத்துட்டு நிக்கிற. குடியிருக்குற வீட்டுக்கு வாடகை, குடியிருக்காத வீட்டுக்கு வட்டி. ஜி.எஸ்.டி. வேற. இதே வீட்டை நிறைவுச் சான்று வந்தப்பறம் வாங்கியிருந்தா ஜி.எஸ்.டி.யே கெடையாது. கட்டும்போதே வாங்குனதால 5 சதவீதம், 45 லச்சத்துக்குள்ள சின்ன வீடுன்னா 1 சதவீதம். இன்னும் பொறக்காத பிள்ளைக்குப் பள்ளிக்கூட ஃபீஸு கட்டுன தகப்பன் நீ ஒருத்தன்தான். பழைய முறையில வருமான வரி கட்டுறவன்னா இன்னொண்ணும் கேட்டுக்க. கடன் வாங்குன நிதியாண்டு முடிஞ்சு அஞ்சு வருசத்துக்குள்ள கட்டி முடிக்கலேன்னா, 2 லச்சம் வரைக்கும் கெடைக்கிற வட்டிக் கழிவு 30,000-ஆச் சுருங்கிரும். பில்டரு ஆற அமர வேலை பாக்குறதுக்கு வரி நீ கட்டணும்.

கேட்டா என்ன காரணம் சொல்றாக? மழைங்குறாக. எம்சாண்டு வெலை ஏறிப்போச்சுங்குறாக. வடக்க இருந்து வந்த ஆளுக திருவிழாவுக்குப் போயிட்டாக, தேர்தலுக்குப் போயிட்டாக, போனவுக வரலைங்குறாக. பாவம், அவுகளும் பிள்ளைகுட்டியப் பாக்கத்தான போவாக. இந்தக் காரணத்துல பாதி, எங்க காலத்துல சாரத்து நெழலுல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டே நாங்களே ஜோடிச்சது. எங்கிட்டயே வந்து அதையெல்லாம் புதுசாச் சொல்ற பாரு, அதான் சிரிப்பு வருது.

எதுக்கெல்லாம் நாள் நீட்டிப்பு குடுக்கலாம்னு சட்டத்துல பட்டியல் இருக்கு. போரு, வெள்ளம், வறட்சி, தீ, புயல், நெலநடுக்கம், இது மாதிரி இயற்கையா வர்ற சீற்றம். ஐப்பசியில மழை பெய்யிறது சீற்றம் இல்ல மாப்ளே, மதராசுல அது வழக்கம். மேஸ்திரி கோவிச்சுட்டுப் போனது, பங்காளிக்குள்ள சண்டை, கைமாத்து கெடைக்காதது எதுவும் அந்தப் பட்டியல்ல கெடையாது. மத்தபடி, தன்மேல தப்பில்லைன்னு காமிச்சா மொத்தத்துல ஒரு வருசம் வரைக்கும் ரேரா நீட்டிச்சுக் குடுக்கலாம். ஆனா உனக்குக் கணக்கு, உன் அக்ரிமெண்டுல போட்ட தேதிதான். "சாரு வாயால தீவாளிக்குன்னு சொன்னாரு"ன்னு எங்கிட்ட அளக்காத. எந்தத் தீவாளின்னு அவரு சொல்லலையே.

நம்ம சனமும் அவருக்கு ஒத்தாசை. ஆனியில பால் காய்ச்சக் கூடாது, ஆடி ஆகவே ஆகாது, புரட்டாசி பெருமாளுக்கு, மார்கழி சாமிக்கு, பங்குனியும் வேணாம். பஞ்சாங்கமே அவருக்குச் சும்மா அஞ்சு மாசம் எழுதிக் குடுத்துருக்கு. சித்திரையில முடியலேன்னா "ஆவணியில ஜாம்ஜாம்னு வச்சுக்கலாம் சார்"ங்குறாரு. நீயும் "ஆமா, நல்ல மாசம்"னு தலையாட்டிட்டு வர்ற. வேலை முடியாதது உனக்கு மறந்து போகுது, நல்ல நாளு மட்டும் ஞாபகம் இருக்கு.

வீடு வாங்குனவுக எல்லாம் போன்ல ஒரு சங்கம் வச்சுருக்கீகளாம். காலையில ரோசாப்பூப் போட்டு வணக்கம், மத்தியானம் பில்டரை வையிறது, பொழுது சாஞ்சா கிச்சன் அலமாரி எங்க சல்லிசுன்னு வெசாரிக்கிறது. வஞ்சு என்ன ஆகப்போகுது? வையிறதுக்கு வட்டி கெடையாது. எழுதுறதுக்கு உண்டு. குறிச்ச தேதியில குடுக்கலேன்னா ரெண்டு வழின்னு 18-ஆம் பிரிவு சொல்லுது. வீடு வேணாம்னா கட்டுன பணத்த வட்டியோட திருப்பி வாங்கிக்கலாம். வீடுதான் வேணும்னா, சாவி குடுக்குற வரைக்கும் ஒவ்வொரு மாசத்துக்கும் வட்டி கேக்கலாம். முந்தியெல்லாம் நீ தவணைக்குப் பிந்துனா உனக்குக் கந்துவட்டி, அவரு பிந்துனா சதுரடிக்கு அஞ்சோ பத்தோ. இப்ப ரெண்டு பேருக்கும் ஒரே வட்டிதான். ஒருதலையா எழுதுன ஒப்பந்தம் வாங்குனவனைக் கட்டாதுன்னு 2019-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. அதனால ஆளுக்கொரு கடுதாசி எழுதுங்க. இன்ன தேதி போட்டீக, இன்னைக்கு வரைக்கும் வரல, எப்பத் தருவீகன்னு மூணு வரி. ஸ்பீட் போஸ்டுல அனுப்பி, போயிச் சேந்ததுக்கு அத்தாட்சியப் பத்திரமா வையி. அதுக்கும் அசையலேன்னா எழும்பூருல ரேரா ஆபீசு இருக்கு.

ஆனா ஒண்ணு மாப்ளே, இது கிண்டல் இல்ல. "சீக்கிரம் முடிங்க, சீக்கிரம் முடிங்க"ன்னு கழுத்தைப் பிடிக்காத. எது பிந்துதுன்னு பாத்துப் பிடி. தளம் போட்டா, பலம் பிடிக்க 28 நாள் கணக்கு. இப்ப வர்ற பிபிசி சிமெண்டுக்குக் குறைஞ்சது பத்து நாளாச்சும் தண்ணி கட்டி வைக்கணும். முட்டுக் கழட்டவும் நாள் இருக்கு. பூச்சுக் காயாம பட்டி பாத்துப் பெயிண்டு அடிச்சா, அடுத்த மழைக்குள்ள சொவரு பொரிப்பொரியா உரியும். இந்த நாளையெல்லாம் எந்தப் பில்டரும் திருட முடியாது, திருடவும் கூடாது. போரூர் பக்கம் மவுலிவாக்கத்துல 2014 ஜூன் 28-ஆம் தேதி, கட்டிக்கிட்டு இருந்த பதினோரு மாடி சாயங்காலம் மழையில அப்பிடியே உக்காந்துச்சே, 61 உசுரு போச்சு. அம்புட்டுப் பேருல பெரும்பாலானவுக என்னைய மாதிரிக் கூலிக்காரனும் சித்தாளும். பக்கத்துல நின்ன இன்னொரு கட்டடத்தையும் 2016-ல வெடி வச்சுத் தகர்த்தாக. சாவி பிந்துனா வட்டி கேக்கலாம். உசுரு போனா யாருகிட்டப் போயிக் கேக்குறது? கான்கிரீட்டுக்கு நாள் குடு. காசுக்குக் குடுக்காத.

சரி, இப்பச் சாவிக்கு வருவோம். இத்தனை நாளாப் போன எடுக்காத பில்டர் ஆபீசுல இருந்து ஒரு நாளு அவுகளே கூப்புடுவாக. தேன் சொட்டும். "சார், மேடம், உங்க வீடு ரெடி. இன்டீரியர் வேலைக்குச் சாவி வாங்கிக்கோங்க. பாக்கி மட்டும் இந்த மாசக் கடைசிக்குள்ள கட்டிருங்க." அந்தப் போன் வந்துச்சுன்னா, சந்தோசத்துல உன் பொஞ்சாதியக் கூப்புடுறதுக்கு முன்னாடி என்னையக் கூப்புடு. ஏன்னா அவுக அவசரப்படுற நாள்ல நீ அவசரப்படக் கூடாது.

ஒரே ஒரு கேள்வி கேளு: "நிறைவுச் சான்று வந்துருச்சா?" கட்டடத்துக்கு அனுமதி குடுத்த ஆபீசுதான் அதைக் குடுக்கணும். பிளான்ல காமிச்ச மாதிரி கட்டியிருக்கா, பக்கத்துல விட வேண்டிய எடத்தை விட்டுருக்கா, தீயணைப்புக்கு வழி இருக்கான்னு பாத்துக் குடுக்குற தாளு. அது இல்லேன்னா பெரிய கட்டடத்துக்கு நெரந்தரக் கரண்டு கெடையாது, தண்ணி, பாதாளச் சாக்கடைக் கனெக்சனும் கெடையாது. கட்டுமான வேலைக்குன்னு வாங்குன தற்காலிகக் கரண்டுல உன் ஏ.சி. ஓடும். அதுக்கு ரேட்டு வேற. தண்ணிக்கு லாரிய எதிர்பாத்து எட்டாவது மாடியில இருந்து எட்டிப் பாத்துக்கிட்டு நிப்ப.

"அதெல்லாம் ஃபைலு மூவ் ஆகிருச்சு சார், ஒரு வாரத்துல வந்துரும்"பாக. ஃபைலு நகர்றது நல்லதுதான். வந்து சேந்தப்பறம் சாவி வாங்கிக்குறேன்னு சொல்லு. சான்று வந்த நாளுல இருந்து ரெண்டு மாசத்துக்குள்ள நீ வீட்டை எடுத்துக்கணும்னு சட்டம் சொல்லுது. அந்தக் கெடு உனக்குச் சான்று வந்தப்பறந்தான், அவுக போன் பண்ணதுல இருந்து இல்ல. இன்டீரியருக்குன்னு சாவிய வாங்கிட்டு, கூடவே ஒரு தாளுல "வீட்டைத் திருப்தியாப் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை"ன்னு கையெழுத்தும் போட்டுட்டா, அத்தனை மாச வட்டியும் அங்கிட்டே கரைஞ்சு போயிரும். அந்தத் தாளைப் பொடி எழுத்துல அடிச்சு, லட்டு டப்பாவோட சேத்துக் குடுப்பாக. லட்டைத் தின்னு. தாளை வீட்டுக்குக் கொண்டாந்து படி. குறை இருந்தா, குறையோட வாங்குறேன், வட்டிக் கோரிக்கையும் நிக்குதுன்னு கையால எழுதிக் கையெழுத்துப் போடு.

வீட்டைப் பாக்கப் போகும்போது பெரிய எஞ்சினியரு வேணும்னா கூட்டிட்டுப் போ. இல்லேன்னா ஒரு வாளி, ஒரு ரூவாக் காசு, ஒரு கோலிக்குண்டு, போன் சார்ஜரு, பழைய துணி. இம்புட்டுப் போதும். பாலைக் காய்ச்சுறதுக்கு முன்னாடி ஒரு வாளித் தண்ணி ஊத்து மாப்ளே. வீட்டோட யோக்கியதைய பாலு சொல்லாது, தண்ணிதான் சொல்லும்.

மொதல்ல பாத்ரூம். துணியச் சுருட்டித் தண்ணி போற ஓட்டையில அடை. தரை மூடுற அளவுக்குத் தண்ணிய நெறப்பி ஒரு ராத்திரி ஒரு பகலு விடு. மறுநாளு கீழ்வீட்டுல போயி அந்தப் பாத்ரூம் கூரைய அண்ணாந்து பாரு. ஈரம் பூத்திருந்தா, டைல்ஸுக்கு அடியில வாட்டர் புரூஃப் சரியா இல்லேன்னு அர்த்தம். இதைக் குடி வந்தப்பறம் கண்டுபுடிச்சா, கீழ்வீட்டுக்காரன் உனக்கு ஆயுசுக்கும் சத்துரு. அப்பறம் துணிய எடுத்துரு. தண்ணி தானா ஓட்டைக்கு ஓடணும். மூலையில தேங்கி நின்னா வாட்டம் பிடிக்கல. பால்கனியிலயும் இதே கதைதான். அங்க வாட்டம் உள்பக்கமா இருந்தா, கார்த்திகை மழை ஹாலுக்குள்ள வந்து சோபாவுல உக்காரும்.

ரூவாக் காசை எடுத்து டைல்ஸு ஒவ்வொண்ணையும் தட்டு. கெட்டியா "டக்"குன்னா சரி. "டொக்"குன்னா அடியில கலவை இல்ல. மூலையில மட்டும் டொக்குன்னாலும் விட்றாத. டொக்குன்ன எடத்துல எல்லாம் சாக்பீஸு வச்சு ஒரு பெருக்கல் குறி போடு. பீரோ வச்ச அன்னைக்கு அந்த எடந்தான் ஒடையும். ஹாலுத் தரையில கோலிக்குண்டை வையி. வச்ச எடத்துல நின்னா மட்டம். பூசை ரூமைப் பாத்து அதுவே உருண்டு போனா சாமி கூப்புடலை மாப்ளே, மட்டம் கூப்புடுது.

கதவைப் பாதி தெறந்து கையை எடுத்துரு. அங்கயே நிக்கணும். தானா மூடுனாலோ தெறந்தாலோ நெலை தூக்குல இல்ல. சொவத்துல முடி மாதிரி விரிசல் பூச்சுல இருந்தா பயப்படாத, அது காயும்போது வர்றது. சன்னல் மூலையில இருந்து சாய்வா ஏறிப்போற விரிசலா? போட்டோ எடு. தூணுக்கும் சொவருக்கும் நடுவுல நேரா ஓடுதா? பூசுறதுக்கு முன்னாடி அங்க கோழிவலை கட்டலேன்னு அர்த்தம். ஒவ்வொரு பிளக்குலயும் சார்ஜரைச் சொருகு. பெட்ரூம்ல பத்துப் பிளக்கு இருக்கும், நாலுலதான் கரண்டு வரும். மிச்சம் ஆறும் அழகுக்கு. எல்லாக் குழாயையும் ஒண்ணாத் தெறந்து விடு. கிச்சன் சிங்க்குக்கு அடியில கையை விட்டுத் தடவு. நனைஞ்சா அங்கயும் ஒரு குறி.

கூட வந்த தம்பி சிரிச்சுக்கிட்டே, "சின்னச் சின்ன வேலைதான் சார், குடி வந்ததும் பாத்துத் தந்துருவோம்"பான். சின்ன வேலைதான? இப்பவே பண்ணச் சொல்லு. பாக்கிப் பணம் உங்கிட்ட இருக்குற வரைக்குந்தான் நீ சாரு. கட்டுன மறுநாளு நீ ஒரு கம்ப்ளெயிண்டு நம்பர்.

சாவி வாங்குனப்பறமும் அஞ்சு வருசத்துக்குக் கட்டமைப்புலயோ வேலையிலயோ பழுது வந்தா, நீ எழுதிக் குடுத்த 30 நாளுக்குள்ள இலவசமாச் சரி பண்ணித் தரணும். இதுவும் சட்டத்துல இருக்கு. ஆனா எழுதிக் குடுக்கணும். லிஃப்ட்டுல பாத்துச் சொன்னேன், வாட்ச்மேன்கிட்டச் சொல்லிவிட்டேன்னா அது செல்லாது. அப்பறம் மூலப்பத்திரம், வில்லங்கம், அப்ரூவல் பிளான், நிறைவுச் சான்று, பெயிண்டு பேரு, பைப்பு போற வழிப் படம் எல்லாத்தையும் கேட்டு வாங்கு. பைப்புப் படம் இல்லாம நீ சாமி படத்துக்கு ஆணி அடிச்சேன்னா, குலதெய்வத்துக்கு அபிசேகம் தானா நடக்கும்.

இம்புட்டும் பாத்து முடிச்சு, குறையெல்லாம் சரி பண்ணி, சான்றும் கைக்கு வந்துருச்சுன்னா, அந்த மாசம் எது ஆனாலும் நல்ல மாசந்தான். ஐயரைக் கூப்புடு, பந்தக்காலு நடு, எங்கக்காவைக் கூட்டிட்டு வந்து மனையில உக்கார வையி.

அதுக்கு முன்னாடி, வீடு பாக்குற அன்னைக்கு நானும் வர்றேன். "இந்தப் பெருசு யாரு"ன்னு பில்டர் தம்பி கேட்டா, தாய்மாமன், வழக்கப்படி சீரு கொண்டாந்துருக்காருன்னு சொல்லு. கேட்டுல தடுக்க மாட்டாக. தட்டுல மேல தேங்காய், பழம், வெத்தலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், உனக்கு வேட்டி, உன் பொஞ்சாதிக்குச் சீலை. சீலைக்கு அடியில ரசமட்டமும் தூக்குக்குண்டும் இருக்கு. மொதல்ல அதை எடுத்து நீட்டு, தேங்காய அப்பறம் ஒடைக்கலாம்.